திடீரென்று அல்ல

பத்திரிகையில் கறுப்புக் கட்டம் கட்டி வரும் காலமான செய்திகளில் அடிக்கடி தென்படும் ஒரு சொல்லின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. ‘திடீரென்று’ என்பது அந்தச் சொல். “நேற்றிரவு திடீரென்று மாரடைப்பால் காலமானார்” என்று போடுகிறார்கள். படிக்கிறவர்களும் “நல்ல சாவு, யாருக்கும் சிரமம் கொடுக்காமல் போய்விட்டார்” என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கம் புரட்டுகிறார்கள்.

அந்தச் சொல் அநேகமாகப் பொய் என்பது என் கட்சி.

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. துக்கம் கேட்கப் போன இடத்திலும் எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அப்படி உட்கார்ந்து கேட்ட வீடுகள் எனக்குப் பல உண்டு. சுவரோரமாகச் சாய்ந்திருக்கும் வீட்டு அம்மாள் சொல்வாள்: “சாயங்காலத்திலேர்ந்தே என்னமோ பண்றதுன்னுதான் சொல்லிண்டிருந்தார்.” மாப்பிள்ளை சொல்வார்: “முந்தின நாளே தோள்பட்டை வலிக்கிறதுன்னார், தைலம் தேய்ச்சோம்.” பேரன் சொல்வான்: “தாத்தாவுக்கு வேர்த்துக் கொட்டித்து, நான்தான் விசிறினேன்.” சாயங்காலம் தொடங்கி நள்ளிரவில் முடிந்த ஒரு விஷயத்துக்குத் ‘திடீரென்று’ என்று பேர் வைக்க நமக்கு எப்படி மனம் வருகிறது?

உண்மையிலேயே ஒரு நொடியில் விழுந்து இறப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இப்போது நான் வழக்குத் தொடுப்பது மற்றவர்களுக்காக. மணிக்கணக்கில் நேரம் கிடைத்தும் அந்த நேரத்தை வீட்டாரும் தாங்களுமாகச் சேர்ந்து தொலைத்துவிட்டவர்களுக்காக.

இந்த வழக்கில் முதல் எதிரி வாயு பகவான்.

நம் வீடுகளில் கழுத்துக்கும் தொப்புளுக்கும் இடையே எந்த வலி வந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்: வாயு. மார் அடைத்தால் வாயு. முதுகு பிடித்தால் வாயுப் பிடிப்பு. ஏப்பம் வந்தால் வாயு கலைந்தது. வராவிட்டால் வாயு கலையவில்லை. இந்த சாஸ்திரத்தில் எது நடந்தாலும் வாயுவுக்கே ஜயம். உடனே சுக்கு, ஓமம், மோரில் கரைத்த பெருங்காயம் என்று வைத்தியம் ஆரம்பமாகிறது. இந்தப் பொருள்கள் மேல் எனக்கு விரோதம் இல்லை. எத்தனையோ தலைமுறைகளின் வயிற்றைக் காப்பாற்றியவை. ஆனால் அடைத்துக்கொண்ட இதயக் குழாயைத் திறக்கும் சக்தி ஓமத்துக்கு இல்லை.

அங்கே என்னதான் நடக்கிறது? திருச்சிக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். இதயம் நிறைய ரத்தம் இருந்தாலும், இதயத்தின் தசை தனக்கு வேண்டியதை அதிலிருந்து நேராக அள்ளிக்கொள்வதில்லை. தன்மேல் படர்ந்திருக்கும் சிறு ரத்தக் குழாய்கள் வழியாகத்தான் அதற்கு ஆகாரம் வர வேண்டும். காவிரி இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடினாலும், வயலுக்கு உய்யக்கொண்டான் வாய்க்கால் வழியாகத்தானே தண்ணீர் வர வேண்டும்? வாய்க்காலின் உட்சுவரில் வருஷக்கணக்காகக் கொழுப்பு படிந்து கொண்டே இருக்கிறது. ஒரு நாள் அந்தப் படிவம் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் ரத்தம் கட்டியாக உறைந்து வழியை அடைக்கிறது. ஆற்றில் வெள்ளம், வயலில் வறட்சி. மாரடைப்பு என்பது இதுதான்.

வயலுக்கும் இதயத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தண்ணீர் இல்லாமல் பயிர் சில நாள் தாக்குப்பிடிக்கும். இதயத் தசையோ அரைமணி போல ஆனதுமே சாக ஆரம்பித்துவிடுகிறது. ஒரேயடியாகச் சாவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக, மணிக்கு மணி, பரவிக்கொண்டே போகிறது. செத்த தசை மறுபடி முளைப்பதில்லை. கட்டியைக் கரைக்கும் மருந்து இருக்கிறது. குழாயைப் பலூன் வைத்துத் திறக்கும் சிகிச்சை இருக்கிறது. ஆனால் முதல் மணியில் கொடுத்த மருந்து காப்பாற்றும் அளவுக்கு ஆறாம் மணியில் கொடுத்த அதே மருந்து காப்பாற்றாது. மருந்தின் விலை மாறவில்லை. டாக்டரின் படிப்பு குறையவில்லை. கடிகாரம் மட்டும் நகர்ந்திருக்கிறது.

இந்தக் கடிகாரத்தை யார் நகரவிட்டது என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள். நம் தேசத்தில் 50 நகரங்களில் 89 ஆஸ்பத்திரிகளுக்கு இதயக் கோளாறுடன் அவசரமாக வந்த 20,468 பேரை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. 2008-ல் ‘லான்செட்’ என்ற வைத்தியப் பத்திரிகையில் அதன் முடிவு வெளியாயிற்று. வலி தொடங்கியதிலிருந்து ஆஸ்பத்திரி வந்து சேர ஆன நேரம், எல்லாரையும் வரிசையாக நிறுத்தி நடு ஆளைப் பார்த்தால், 360 நிமிஷம். பாதிப் பேர் அதற்கும் மேல். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த பிறகு கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற ஆன நேரம் 50 நிமிஷம். அதுவும் அதிகம்தான், அரைமணிக்குள் முடிந்திருக்க வேண்டிய காரியம் அது. இருந்தாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாசலுக்கு உள்ளே 50 நிமிஷம். வாசலுக்கு வெளியே ஆறு மணி நேரம். களவு எங்கே நடந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கத் துப்பறியும் சாம்பு தேவையா?

“சரி, ஆனால் எங்கள் ஊர் சமாசாரமே வேறு” என்று ஸ்ரீரங்கத்து நண்பர்கள் சொல்வார்கள். அவர்கள் வாதத்தையும் கேட்போம். ஸ்ரீரங்கம் ஒரு தீவு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். பெரிய ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் அக்கரையில், திருச்சியில் இருக்கின்றன. புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஆறேழு கிலோமீட்டர் போக வேண்டும். நடுவில் 1976-ல் கட்டிய காவிரிப் பாலம். 2022-ல் அதைப் பழுதுபார்ப்பதற்காக மூடினார்கள். 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அதுவரை கார்களும் பஸ்களும் சென்னை நெடுஞ்சாலைப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஊருக்குள்ளேயும் சுலபம் இல்லை. ஏழு பிராகாரம், உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் வீடுகள், மதிலுக்குள் குடியிருப்பவர் வெளியே வரக் கோபுர வாசல்களைத் தாண்ட வேண்டும். வைகுண்ட ஏகாதசி சமயத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள்.

எல்லாம் உண்மை. ஆனால் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பிறகு தீர்ப்பு நீங்களே சொல்லுங்கள்.

அவர் என் சிநேகிதர். பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீழச் சித்திரை வீதியில் சொந்த வீடு. ஒருநாள் சாயங்காலம் அம்மா மண்டபம் போய்விட்டுப் படியேறும்போது நெஞ்சுக்கு நடுவில் யாரோ அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாற்போல இருந்திருக்கிறது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்தார். மணி ஏழு. “ஏன்னா, ஒரு மாதிரி இருக்கேள்? சுக்குக் கஷாயம் வெச்சுத் தரட்டுமா?” என்று அந்த அம்மாள் கேட்டாள். குடித்தார். ஏப்பம் ஒன்று வந்தது. வாயு கலைந்துவிட்டதாக இரண்டு பேரும் சந்தோஷப்பட்டார்கள்.

எட்டரைக்கு மறுபடி வலி. இந்தத் தடவை இடது கையிலும் தாடையிலும். சட்டை நனைய வியர்வை. எதிர்வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, “108-க்குச் சொல்லட்டுமா?” என்று கேட்டார். “வாசல்ல வண்டி வந்து அலறினா தெருவே கூடிடும், வேண்டாம் ஓய்” என்றார் சிநேகிதர். ஒன்பதுக்கு அமெரிக்காவில் இருக்கும் பையனுக்குப் போன் போட்டார்கள். அங்கே அது முற்பகல். பையன் ஆபீஸ் கூட்டத்தில் இருந்தான். பதின்மூவாயிரம், பதினாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பிள்ளையின் உத்தரவுக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். பத்து மணிக்கு அவன் பதறிப்போய், “உடனே டாக்டர்கிட்டே போங்கோ” என்றான். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் வீட்டுக்கு ஆட்டோவில் போனார்கள். அவர் ஊரில் இல்லை. பக்கத்தில் ஒரு சிறு நர்சிங் ஹோம். அங்கே ஈ.சி.ஜி. எடுத்தார்கள்; அதற்கு முன் சீட்டுப் போட்டு முன்பணம் கட்டச் சொன்னார்கள். பதினொன்றே முக்காலுக்கு, “இது இங்கே பார்க்கிற கேஸ் இல்லை, டவுனுக்குக் கொண்டு போங்கள்” என்று சொல்லி அதே ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள்.

பாலத்தின் நடுவில் அவர் தலை சாய்ந்தது.

பத்தாம் நாள் வரை வந்தவர்கள் எல்லாரும் பேசியது என்ன தெரியுமா? “இந்தப் பாலம் இருக்கே, எத்தனை பேரைக் காவு வாங்கித்து!” நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குக் காவிரிப் பாலத்தில் நாய்கூடக் குறுக்கே வரவில்லை. பாலத்தைக் கடக்க ஆட்டோவுக்கு இரண்டு நிமிஷம் போதும். அதற்கு முன் போன ஐந்து மணி நேரத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாலம் பேசாது, அதனால் அதன்மேல் பழி போடுவது சௌகரியம்.

அந்த வீட்டாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு விருப்பம் இல்லை. அவர்கள் அன்புக்குக் குறைவில்லாதவர்கள். கஷாயத்தைவிட நல்லது ஒன்று தெரிந்திருந்தால் அந்த அம்மாள் அதைக் கொண்டுவந்து கொடுத்திருப்பாள். நான் கூண்டில் ஏற்றுவது நம் மத்தியதர வர்க்கத்தின் மரியாதைகளை. தெருக் கூடிவிடும் என்ற கூச்சம் ஒன்று. ஒன்றும் இல்லாததற்கு ஆர்ப்பாட்டம் செய்தார் என்ற பேர் வந்துவிடுமோ என்ற பயம் ஒன்று. வீட்டுப் பெரியவர் ‘வேண்டாம்’ என்று சொன்னபின் மறுபேச்சு பேசக் கூடாது என்ற அடக்கம் ஒன்று. நல்லது கெட்டதுக்கெல்லாம் பிள்ளையைக் கேட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும் என்ற புது சம்பிரதாயம் ஒன்று. இந்த நாலு மரியாதைகளும் சேர்ந்துதான் அவரைத் தூக்கிக்கொண்டு போயின.

பெண்கள் விஷயம் இதைவிடக் கொடுமை. ஆண்பிள்ளைக்காவது கஷாயம் வைத்துக் கொடுக்க ஒருத்தி இருக்கிறாள். வீட்டு அம்மாளுக்கு வலி வந்தால் அவளே அடுப்படியில் நின்று தனக்குக் கஷாயம் வைத்துக்கொள்கிறாள். போதாததற்கு, பெண்களுக்கும் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் மாரடைப்பு பல சமயம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சினிமாவில் விழுவதுபோல வருவதில்லை. மூச்சு முட்டல், குமட்டல், முதுகிலோ தாடையிலோ வலி, காரணம் தெரியாத அசதி, குளிர்ந்த வியர்வை என்று மாறுவேஷத்தில் வருகிறது. “காலையிலேர்ந்து ஒரே அசதியா இருக்கு” என்று அம்மா சொன்னால், அம்மா எப்போதும் சொல்வதுதானே என்று நாம் காப்பி டம்ளரை நீட்டுகிறோம். அவள் வாய்விட்டுச் சொன்னதே பெரிய காரியம் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

இனி அந்த ‘வண்டி வந்து அலறும்’ விஷயத்துக்கு வருகிறேன். ஆம்புலன்ஸ் என்றால் படுக்க இடம் உள்ள ஒரு டாக்ஸி என்றே நம்மில் பலர் நினைக்கிறார்கள். அப்படியானால் ஆட்டோ போதும், கார் போதும் என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் மாரடைப்பின் முதல் மணியில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. தசைக்கு ரத்தம் போகாததால் இதயத்தின் மின்னோட்டம் குழம்பி, அது துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்க ஆரம்பிக்கலாம். அப்போது மின் அதிர்ச்சி கொடுத்து ஒழுங்குக்குக் கொண்டுவரும் டிஃபிப்ரிலேட்டர் என்ற கருவி பக்கத்தில் இருந்தால் பிழைக்கலாம். ஆட்டோவில் அது கிடையாது.

அயர்லாந்துத் தீவின் வடபகுதியில் பெல்பாஸ்ட் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஃப்ராங்க் பான்ட்ரிட்ஜ் என்ற டாக்டர், மாரடைப்பில் இறப்பவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமலே, முதல் மணியிலேயே இறந்துவிடுகிறார்கள் என்பதைக் கவனித்தார். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரியே நோயாளியிடம் போகட்டும் என்று தீர்மானித்தார். 1966-ல் கார் பாட்டரியில் ஓடும்படி ஒரு டிஃபிப்ரிலேட்டரை அமைத்து, ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பினார். அதன் எடை சுமார் 70 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்கள் அந்த ஊர் டாக்டர்கள். பிற்பாடு உலகம் முழுவதும் அந்த வழியைப் பின்பற்றியது.

நம் ஊருக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் தொடங்கிற்று. போனில் மூன்று எண், காசு கிடையாது. வண்டியில் ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற ஆளும் வருகிறார்கள். கூடுதல் வசதி உள்ள வண்டிகளில் டிஃபிப்ரிலேட்டரும் உண்டு. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனால் வைத்தியம் நடக்கும் என்பது நம்மைவிட அவர்களுக்குத் தெரியும். 2012-லிருந்து 2014 வரை இதே தமிழ்நாட்டில் ஓர் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்தார்கள். சிறிய ஆஸ்பத்திரிகளையும் பெரிய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸையும் ஒரே வலையாகக் கோத்து, முதலில் கிடைக்கும் இடத்தில் கட்டியைக் கரைத்து, பிறகு பெரிய இடத்துக்கு அனுப்பினார்கள். 2,420 பேரைக் கவனித்ததில், ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் முன்பு நூற்றுக்கு 17.6 ஆக இருந்தது 14.2 ஆகக் குறைந்தது. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த மருந்தைச் சீக்கிரமாக, சரியான இடத்தில் கொடுத்தார்கள், அவ்வளவுதான். 2023-ல் ‘இதயம் காப்போம்’ என்று சர்க்கார் இன்னொரு திட்டம் கொண்டுவந்தது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணைச் சுகாதார நிலையத்திலுமே மூன்று மருந்துகள் அடங்கிய 14 மாத்திரைகளை முதலில் கொடுத்துவிட்டு மேலே அனுப்புகிறார்கள். குக்கிராமத்தில் கிடைக்கும் முதல் உதவி சித்திரை வீதியில் கிடைக்காமல் போவதற்குக் காரணம் காவிரியா?

சர்க்காரையும் ஆஸ்பத்திரிகளையும் அடியோடு விட்டுவிடுவதாக நினைக்க வேண்டாம். அவர்கள் மேலும் எனக்குப் புகார் உண்டு. பலகாரக் கடைக்காரர்கூட இன்று என்ன கிடைக்கும் என்று பலகையில் எழுதி வைக்கிறார். மாரடைப்புக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு வைத்தியம் கிடைக்குமா, கிடைக்காதா என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரியும், நர்சிங் ஹோமும் வாசலில் பெரிய எழுத்தில், தமிழில், எழுதி வைக்கட்டும். ‘இங்கே 24 மணி நேரமும் ஈ.சி.ஜி. எடுக்கப்படும்; கட்டி கரைக்கும் மருந்து உண்டு; பலூன் சிகிச்சை இல்லை’ என்று மூன்று வரி போதும். இல்லை என்று எழுதுவதில் அவமானம் இல்லை. இல்லாததை உள்ளே அழைத்துச் சொல்வதில்தான் அவமானம். உயிருக்குப் போராடுகிறவருக்கு முதலில் வைத்தியம், மற்ற சம்பிரதாயமெல்லாம் பிறகு என்று 1989-லேயே சுப்ரீம் கோர்ட் ஒரு விபத்து வழக்கில் சொல்லிவிட்டது. சர்க்கார் டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் கடமை ஒன்றே என்றது. முன்பணச் சீட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் குடி முழுகிவிடாது.

இப்போது அந்த உண்மையான திடீர் ஆசாமிகள். நின்றுகொண்டே பேசியவர் சட்டென்று விழுகிறார். கூப்பிட்டால் பதில் இல்லை. மூச்சு இல்லை, அல்லது வெறும் திணறல். இவரைச் சுற்றி நாம் செய்வது என்ன? முகத்தில் தண்ணீர் தெளிக்கிறோம். வாயில் சோடா ஊற்றுகிறோம். சாவிக் கொத்தைக் கையில் திணிக்கிறோம். மார்பை அழுத்த மட்டும் ஒருவரும் முன்வருவதில்லை. 1960-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கௌவன்ஹோவனும் அவருடைய இரு சகாக்களும், நின்றுபோன இதயத்தை வெளியிலிருந்தே கையால் அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கலாம் என்று காட்டினார்கள். கத்தி வேண்டாம், இரண்டு கை போதும். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கைமேல் ஒரு கை வைத்து, சுமார் ஐந்து சென்டிமீட்டர் அமுங்கும்படி, நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை, வண்டி வரும்வரை அழுத்த வேண்டும். ஒன்றும் செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழிலிருந்து பத்து வரை குறைகிறது. பத்து நிமிஷம் வேடிக்கை பார்த்தால் மிச்சம் என்ன இருக்கும் என்று பள்ளிக்கூடத்துப் பையன் கணக்குப் போடுவான். அந்தப் பையனுக்கே இதைக் கற்றுக்கொடுங்கள் என்கிறேன். கோவில் வாசலில், சத்திரம் பஸ் நிலையத்தில், ஜங்ஷனில், நானூறுக்கு மேல் படி உள்ள மலைக்கோட்டையில் டிஃபிப்ரிலேட்டர் இருக்க வேண்டும். இருந்தால் அது எங்கே இருக்கிறது என்பது பூக்காரிக்கும் ஆட்டோக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பூட்டிய அலமாரிக்குள் இருக்கும் கருவியும் கடையில் இருக்கும் கருவியும் ஒன்றே.

வழியில் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று 2019-ல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். உற்சவருக்கு வழிவிட நாம் சட்டப் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. இதற்கும் பார்க்க வேண்டியதில்லை.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் இன்றைக்கே ஒரு தீர்மானம் நிறைவேறட்டும். நெஞ்சில் இறுக்கமோ பாரமோ எரிச்சலோ வந்து ஐந்து நிமிஷத்தில் போகவில்லை என்றால், அதோடு வியர்வை, மூச்சுத் திணறல், கை, தாடை, முதுகு வலி சேர்ந்தால் அந்த ஐந்து நிமிஷம்கூட வேண்டாம், 108. முதலில் போன், பிறகுதான் பிள்ளைக்கும் மாப்பிள்ளைக்கும் தகவல். நோயாளி நடக்கக் கூடாது, படியேறக் கூடாது, தானே ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போகவே கூடாது, சாய்ந்து உட்காரட்டும். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர், ரத்தக் கசிவு உள்ளவர் அல்லாத மற்றவர்களுக்கு 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வதுண்டு. போனில் இருக்கிறவரையே கேட்டுக்கொண்டு கொடுங்கள். வாசல் விளக்கைப் போடுங்கள். ஒரு பையனைக் கோபுர வாசலில் நிறுத்துங்கள். வண்டிக்காரர் எந்த வீதி, எந்த வீடு என்று தேடி அலைய வேண்டாம். பழைய ஈ.சி.ஜி.யும் மருந்துச் சீட்டும் ஒரு பையில் தயாராக இருக்கட்டும். மலைக்கோட்டைப் படி ஏறும்போது நெஞ்சு இறுகி, நின்றால் விட்டுவிடுகிறது என்பவர் வலி பெரிதாகும்வரை காத்திராமல் அடுத்த நாளே டாக்டரைப் பார்க்கட்டும். அது இதயம் முன்கூட்டி எழுதும் கடிதம்.

ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் நூற்றாண்டுக் கணக்கில் மொட்டைக் கோபுரமாக நின்றது. 1987-ல் 236 அடி உயரத்துக்கு அதைக் கட்டி முடித்தார்கள். கோபுரத்துக்குக் காத்திருக்கத் தெரியும். இதயத்துக்குத் தெரியாது.

கடைசியாக, “டாக்டர் பார்த்துவிட்டு வெறும் வாயுதான் என்று சொல்லிவிட்டால்?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியில்தான் நம் நோயே இருக்கிறது. வெறும் வாயு என்று சொல்லிவிட்டால் வீட்டுக்கு வாருங்கள், ஐயா! வாசல் திண்ணையில் உட்கார்ந்து, ராத்திரி பண்ணிய ரகளையை நீங்களே சொல்லிச் சிரியுங்கள். தெரு முழுவதும் சேர்ந்து சிரிக்கட்டும். அப்படி ஒருவர் திரும்பி வந்தால் அவரைக் கேலி செய்யாதீர்கள். அடுத்த வீட்டுக்காரருக்கு நிஜமாகவே வலி வரும் ராத்திரியில், கூச்சப்படாமல் போனை எடுக்கும் தைரியத்தை அந்தத் தெருவுக்குக் கொடுத்தவர் அவர்தான்.